பூவுக்குச் சொந்தக்காரர் யார்?

போன மாதம் ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பேத்தி கையில் நாலு தாளோடு வந்து நின்றாள். கணினித் திரையில் பூவும் கொடியும் பறவையுமாக வரைந்து விற்கிற பெண். படுக்கை விரிப்பு, திரைச்சீலை, சுவரில் ஒட்டும் காகிதம் என்று எதன் மேல் வேண்டுமானாலும் அச்சடிக்கத் தகுந்த மாதிரி, நாலு பக்கமும் விளிம்பு சேரும்படி வரைவாள்.

"தாத்தா, ஒரு கம்பெனி மூணு டிசைன் கேட்டு அக்ரிமெண்ட் அனுப்பியிருக்கு. நீங்க ஆபீஸ்ல இருந்தவங்கதானே, கொஞ்சம் படிச்சுப் பாத்துச் சொல்றீங்களா?"

முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்கக் கோப்புகளைப் புரட்டியவனுக்கு இப்படி ஒரு வேலை கிடைத்தால் சந்தோஷம்தான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். ஒரே தடவை ஒரு தொகை. அதற்குப் பதில் எல்லா உரிமையும், எல்லாப் பொருளுக்கும், எல்லா நாட்டிலும், எக்காலத்துக்கும் அவர்களுக்கு. வரைந்தவர் பெயர் போடவேண்டிய கட்டாயம் இல்லை. தொகை அவளுடைய இரண்டு மாத வீட்டு வாடகைக்குக் காணும்.

"யோசிச்சுச் சொல்றேம்மா" என்று அனுப்பிவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. சின்ன வயதில் பிரஞ்சுப் பள்ளியில் படித்ததும், ஓய்வுக்குப் பிறகு பொழுதுபோக்காகப் படித்ததுமாகப் பல விஷயங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வந்தன. துணியில் போடும் பூவை வரைந்து ஒரு மனிதர் பிழைப்பு நடத்த முடியுமா, அந்தப் பூ யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு ஏறக்குறைய முந்நூறு வருஷ வயசு. அந்தக் கதையின் ஒரு முனை எங்கள் புதுச்சேரியிலேயே இருக்கிறது.

பதினேழாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்து போன சித்திரத் துணிகள் ஐரோப்பாவைப் பைத்தியமாக அடித்தன. நம் ஊரில் சீட்டி என்போம். பிரஞ்சுக்காரர்கள் 'எந்தியேன்' என்றார்கள், இந்தியாவுடையது என்று பொருள். துவைத்தால் நிறம் போகாது, துவைக்கத் துவைக்க இன்னும் பளிச்சென்று வரும். அப்படி ஒரு துணியை அதற்குமுன் அவர்கள் பார்த்ததில்லை. பட்டு, கம்பளி நெசவாளிகள் பிழைப்பு போகிறது என்று முறையிட்டார்கள். 1686 அக்டோபர் 26ஆம் தேதி பதினான்காம் லூயி ராஜாவின் அரசாங்கம், சீட்டியை இறக்குமதி செய்யக்கூடாது, பிரான்சிலேயே அச்சடிக்கவும் கூடாது என்று உத்தரவு போட்டது. அந்தத் தடை 1759 வரை, எழுபத்துமூன்று வருஷம் நீடித்தது. தடை இருந்ததால் கள்ளக் கடத்தலும் இருந்தது, ஆசையும் கூடியது.

தடை இருந்த காலத்திலேயே, இந்தத் துணியை எப்படிச் செய்கிறார்கள் என்று கண்டுபிடிக்கும் வேலையும் நடந்தது. ஆந்த்வான் தெ பொலியே என்ற கப்பல் அதிகாரி 1730களில் புதுச்சேரியில் ஒரு சித்திரக்காரர் வேலை செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்து எழுதினார். எழுதியதோடு விடவில்லை. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் அந்தத் துணியில் ஒரு துண்டை வெட்டி வைத்துக்கொண்டார். அந்தக் கையெழுத்துப் பிரதி இன்றும் பாரிஸில் இருக்கிறது. 1742இல் கேர்து என்ற சேசுசபைப் பாதிரியார் இதே விஷயத்தைப் பற்றி நீண்ட கடிதம் ஒன்றை பிரான்சுக்கு எழுதினார். சமஸ்கிருதத்துக்கும் லத்தீன், கிரேக்கத்துக்கும் உறவு உண்டு என்று பிற்பாடு எழுதிய அதே கேர்துதான். தொழில் தெரிந்த, புதிதாகக் கிறிஸ்தவர்களான சில சித்திரக்காரர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதாக அவரே சொல்கிறார்.

அவர்கள் எழுதிய முறை இதுதான். துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்துக் காயவைப்பது. சித்திரம் வரைந்த தாளின் கோடுகளில் ஊசியால் துளையிட்டு, துணிமேல் பரப்பி, கரித்தூள் முடிச்சால் தட்டி உருவத்தை இறக்குவது. கறுப்புக்கு இரும்பு ஊறிய புளித்த நீர். சிவப்புக்குப் படிகாரம் தீட்டி, சாயவேர் போட்டுக் கொதிக்கவைப்பது. படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு பிடிக்கும். நீலம் வேண்டிய இடத்தை விட்டு மற்ற இடமெல்லாம் மெழுகு பூசி அவுரித் தொட்டியில் முக்குவது. பிறகு மெழுகை எடுத்து, கழுவி, வெயிலில் போட்டு, மிச்ச நிறங்களைத் தூரிகையால் தீட்டுவது. ஒரு துண்டு முடிய வாரக்கணக்கில் ஆகும்.

சாயவேர், கடுக்காய் என்று எல்லாவற்றின் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டார்கள். பொலியே பார்த்துக்கொண்டிருந்த சித்திரக்காரரின் பெயர் என்ன? கேர்துவுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களின் பெயர் என்ன? வரலாற்றில் அது நிற்கவில்லை. அவர்களுக்குக் கூலி உண்டு. வடிவத்தின் மேல் உரிமை என்ற பேச்சே கிடையாது. பல சமயம் மாதிரிச் சித்திரமே ஐரோப்பாவிலிருந்து கம்பெனி அனுப்பியதுதான். அதை நம் ஆட்கள் தங்கள் கைவாக்கில் மாற்றிப் போட்டார்கள். இப்படி இரண்டு பக்கமும் கலந்து பிறந்ததுதான் அந்தப் பூங்கொடி.

தடை நீங்கிய மறுவருஷம், 1760இல், ஜெர்மானியச் சாயக்காரக் குடும்பத்தில் பிறந்த கிறிஸ்தோப்-பிலிப் ஒபெர்காம்ப் என்ற இருபத்திரண்டு வயது இளைஞர், வெர்சாய் பக்கத்தில் ழுயி என்ற கிராமத்தில் பியேவ்ர் ஆற்றங்கரையில் அச்சுச் சாலை தொடங்கினார். இரண்டொரு ஆட்களோடு ஆரம்பித்தது, நூற்றாண்டு திரும்பும் காலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை செய்யும் இடமாக வளர்ந்தது. 1783இல் பதினாறாம் லூயி அதற்கு 'ராஜாங்கத் தொழிற்சாலை' என்ற பட்டம் கொடுத்தார். 'துவால் தெ ழுயி' என்று இன்றும் கடையில் கேட்டால் கிடைக்கும் துணி வகை அங்கே பிறந்தது.

ஒபெர்காம்புக்கு ஒரு விஷயம் புரிந்திருந்தது. சாயம் எல்லாரும் கற்றுக்கொள்வார்கள், சித்திரம்தான் விற்கும். அதனால் அதே 1783இல் ழான்-பத்திஸ்த் உயே என்ற ஓவியரைப் பிடித்தார். உயே சாதாரண ஆள் இல்லை. ராஜாங்க ஓவியக் கழகத்தின் உறுப்பினர், விலங்குகளை வரைவதில் பேர்பெற்றவர். அவர் ழுயிக்கு வரைந்த முதல் வடிவங்களில் ஒன்று அந்தத் தொழிற்சாலையையே காட்டுகிறது: துணி துவைப்பவர்கள், புல்வெளியில் விரித்துக் காயவைப்பவர்கள், அச்சுக் கட்டையைத் தட்டுபவர்கள். உயே தம் கடைசிக் காலம் வரை, 1811 வரை, ழுயிக்கு வரைந்தார். சித்திரக்காரருக்குப் பெயரும் தொடர்ந்து வருமானமும் கிடைத்தது ஒரு பெரிய முன்னேற்றம்தான். ஆனால் துணியின் முனையில் அச்சடித்து வந்த முத்திரையில் இருந்தது தொழிற்சாலையின் பெயர். வரைந்தவர் வரைந்து கொடுத்ததோடு சரி, அதற்குமேல் துணி எத்தனை ஆயிரம் முழம் ஓடினாலும் அது முதலாளி கணக்கு.

இதே காலத்தில் லியோன் நகரத்துப் பட்டுக்காரர்கள் வேறொரு தலைவலியில் இருந்தார்கள். லியோன் பட்டின் விலை அதன் சித்திரத்தில் இருந்தது. ஒருவர் பணம் போட்டுப் புது வடிவம் செய்து தறியில் ஏற்றினால், அடுத்த மாதம் பக்கத்துத் தெருவில் அதே பூ மலிவாக நெய்யப்பட்டது. வேலையை விட்டுப் போகிற சித்திரக்காரர் வடிவங்களையும் கூடவே கொண்டுபோகிறார் என்ற புகார் வேறு. பல கட்டமாக விதிகள் வந்து, கடைசியில் 1787 ஜூலை 14இல் ராஜாவின் சபை ஒரு தெளிவான உத்தரவு போட்டது. அறைகலனுக்கும் கோயில் அலங்காரத்துக்குமான பட்டு வடிவத்துக்குப் பதினைந்து வருஷம், உடுப்புத் துணியின் வடிவத்துக்கு ஆறு வருஷம் தனியுரிமை. அதே 1787இல் இங்கிலாந்துப் பாராளுமன்றமும் அச்சுத் துணி வடிவத்துக்கு ஒரு சட்டம் போட்டது. அங்கே எவ்வளவு காலம் தெரியுமா? இரண்டே மாதம். ஏழு வருஷம் கழித்து மூன்று மாதமாக்கினார்கள்.

புரட்சி வந்து பழைய உத்தரவுகளையெல்லாம் அடித்துக்கொண்டு போனது. நெப்போலியன் காலத்தில், 1806 மார்ச் 18ஆம் தேதிச் சட்டம் லியோனில் ஒரு தொழில் பஞ்சாயத்து மன்றத்தை ஏற்படுத்தியது. என்னைப் போன்ற குமாஸ்தாவுக்கு இந்தச் சட்டத்தைப் படிப்பதில் ஒரு தனி ருசி. ஒரு வடிவம் தன்னுடையது என்று பிற்பாடு வழக்காட விரும்புகிறவர் அந்தத் துணியின் மாதிரித் துண்டை மடித்து, உறையில் போட்டு, தன் முத்திரையும் கையெழுத்தும் இட்டு மன்றத்தில் ஒப்படைக்கவேண்டும். மன்றமும் தன் முத்திரையை வைக்கும். ஒரு வருஷத்துக்கா, மூன்றா, ஐந்தா, அல்லது என்றென்றைக்குமா என்று அவரே சொல்லலாம். சண்டை வந்தால் உறையைப் பிரித்துப் பார்ப்பார்கள். எவ்வளவு எளிமையான ஏற்பாடு!

ஆனால் சட்டத்தில் ஒரு சொல்லைக் கவனிக்கவேண்டும். உறையை ஒப்படைக்கிறவர் என்று அது சொல்வது 'ஃபாப்ரிக்கான்', அதாவது உற்பத்தி செய்கிற முதலாளி. சித்திரக்காரர் அங்கே இல்லை. கோப்பில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான் சொத்து என்பது எந்த ஆபீசிலும் உள்ள நடைமுறை. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்கப் பாரிஸில் வடிவம் வரைந்து விற்பதற்கென்றே பட்டறைகள் இருந்தன. காஷ்மீர் சால்வை மாதிரியும் சீட்டி மாதிரியும் வரைந்து முல்ஹவுஸ் அச்சுச் சாலைகளுக்கும் வெளிநாட்டுக்கும் விற்றார்கள். நல்ல வருமானம் பார்த்தவர்களும் உண்டு. ஆனாலும் தாள் கைமாறியதும் பெரும்பாலும் உறவு முடிந்துபோகும்.

வரைந்தவர் பக்கம் சட்டம் திரும்ப ஏறக்குறைய நூறு வருஷம் ஆனது. 1902 மார்ச் 11இல் வந்த சட்டம், அலங்காரச் சித்திரக்காரர்களுக்கும் எழுத்தாளர், ஓவியர்களுக்கு உள்ள ஆசிரிய உரிமை உண்டு என்றது. படைப்பின் தகுதி என்ன, எதற்குப் பயன்படப்போகிறது என்பதைப் பார்க்கவேண்டியதில்லை என்றும் சொல்லிவிட்டது. சுவரில் மாட்டும் ஓவியமும் பாவாடையில் போடும் பூவும் சட்டத்தின் முன் ஒன்று! 1909 ஜூலை 14ஆம் தேதிச் சட்டம் வடிவங்களைப் பதிவு செய்யும் உரிமையைப் படைத்தவருக்கும் அவரிடமிருந்து உரிமை பெற்றவருக்கும் கொடுத்தது. காலம் 50 வருஷம் வரை.

இந்தச் சட்டங்கள் வந்த சில வருஷத்திலேயே ராவுல் துய்ஃபி துணிக்கு வந்து சேர்ந்தார். 1877இல் லெ ஆவ்ர் துறைமுகத்தில் பெரிய குடும்பத்தில், பணமுடையில் பிறந்தவர். ஓவியம் சரியாக விற்காத காலத்தில் மரத்தில் செதுக்கி அச்சடிக்கக் கற்றார். 1911இல் கவிஞர் அப்பொலினேரின் விலங்குக் கவிதை நூலுக்கு அவர் செய்த மர அச்சுப் படங்கள் வெளிவந்தன. அதே வருஷம் போல் புவாரே என்ற உடுப்புக் கலைஞர் அவருக்குப் பாரிஸில் ஒரு சின்ன அச்சுக்கூடம் வைத்துக் கொடுத்தார். துணியில் பெரிய பெரிய பூவும் யானையும் குதிரையும் வந்தன.

ஒரு வருஷத்துக்குள் லியோனின் பியான்கினி-ஃபெரியே பட்டு நிறுவனம் துய்ஃபியோடு ஒப்பந்தம் போட்டது. 1912இல் தொடங்கிய அந்த உறவு, நடுவில் வந்த யுத்தத்தையும் தாண்டி, 1928 வரை நடந்தது. துய்ஃபி வரைந்து கொடுப்பார், அவர்கள் நெய்வார்கள், அச்சடிப்பார்கள், விற்பார்கள். புவாரேவுக்கு இதில் வருத்தம்தான். தாம் வளர்த்த செடியை இன்னொருவர் கொண்டுபோனதாக அவருக்குத் தோன்றியிருக்கும். ஆனால் கோபம் தங்கவில்லை. 1925 பாரிஸ் கண்காட்சியில் புவாரே சேன் நதியில் மூன்று படகுகளை அலங்கரித்து நிறுத்தியபோது, ஒன்றில் தொங்கிய பதினான்கு பெரிய திரைச்சீலைகள் துய்ஃபி வரைந்து பியான்கினி-ஃபெரியே செய்தவை.

துய்ஃபிக்கு இதனால் என்ன கிடைத்தது? மாதத்துக்கு மாதம் ஒரு வழி. அந்த வழி இருந்ததால் ஓவியத்தை விடாமல் செய்தார். 1937 கண்காட்சிக்கு மின்சாரத்தைப் பற்றி 10 மீட்டர் உயரமும் 60 மீட்டர் நீளமும் உள்ள ஓவியம் தீட்டியவரும் அவரே. துணியில் கற்ற கைவேகம் அதிலும் தெரிகிறது என்பது என் அபிப்பிராயம்.

இன்னொருவர் சோனியா தெலோனே. ரஷ்யாவிலிருந்து வந்த வாடகை வருமானத்தில் பாரிஸில் வாழ்ந்துகொண்டிருந்த ஓவியர். 1917 புரட்சியோடு அந்த வருமானம் நின்றது. குழந்தையும், ஓவியரான கணவரும், பிழைக்கவேண்டும். 1923இல் லியோன் நிறுவனம் ஒன்று அவரிடம் ஐம்பது வடிவங்கள் கேட்டது. வரைந்து கொடுத்தார். அத்தோடு நிற்காமல், சொந்தமாகத் துணி அச்சடித்து விற்கவும் தொடங்கினார். ஆம்ஸ்டர்டாமில் உள்ள மெட்ஸ் என்ற கடை பல பத்தாண்டுகள் அவரிடம் வடிவம் வாங்கியது. 1929க்குப் பிறகு வந்த பொருளாதார மந்தத்தில் சொந்தத் தொழிலை மூட வேண்டிவந்தது. வடிவம் விற்பது மட்டும் தொடர்ந்தது. முதலீடு போட்டுச் செய்தது போய்விட்டது, தாளும் தூரிகையும் வைத்துச் செய்தது நின்றது. இதைக் கவனிக்கவேண்டும்.

புவாரேயிடம் திரும்ப ஒரு தடவை வருகிறேன். 1911இல் அவர் 'மர்த்தீன்' என்ற பெயரில் ஒரு பள்ளி வைத்தார். தொழிலாளர் வீட்டுச் சிறு பெண்களை அழைத்து, ஓவிய விதி எதுவும் சொல்லித்தராமல், தோட்டத்துக்கும் மிருகக்காட்சிசாலைக்கும் அனுப்பி, பார்த்ததை வரையச் சொன்னார். நன்றாக வந்தவற்றுக்குப் பரிசு கொடுத்தார். அவை துணியாகவும் கம்பளமாகவும் சுவர்க் காகிதமாகவும் விற்றன. இன்று அருங்காட்சியகத்தில் அந்தத் துணிகளின் கீழே 'அத்தெலியே மர்த்தீன்' என்று எழுதியிருக்கும். எந்தப் பூவை எந்தப் பெண் வரைந்தாள் என்பது பெரும்பாலும் தெரியாது. 1902 சட்டமும் 1909 சட்டமும் இருந்த காலத்தில்தான் இது. சட்டம் இருந்தால் மட்டும் போதாது. கேட்கத் தெரிந்திருக்கவேண்டும், தாளில் பெயர் இருக்கவேண்டும்.

மறுநாள் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு இதையெல்லாம் சுருக்கமாகச் சொன்னேன். "தாத்தா, கதை நல்லாத்தான் இருக்கு. நான் இப்ப என்ன செய்யட்டும்?" என்றாள். நியாயமான கேள்வி. நான் வக்கீல் இல்லை என்று முதலில் சொல்லிவிட்டு, நம் நாட்டுச் சட்டத்தில் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

நம் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் வருஷத்தது. உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்கவேண்டும். எவ்வளவு காலம் என்று எழுதாவிட்டால் ஐந்து வருஷம் என்றே கொள்ளப்படும். எந்த இடம் என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் 'எக்காலத்துக்கும், எல்லா நாட்டிலும்' என்று எழுதிக் கொண்டுவருகிறார்கள். இன்னொரு கண்ணி உண்டு. பதிவு செய்யத் தகுந்த வடிவத்தைப் பதியாமல் விட்டு, உரிமையாளரோ அவரிடம் உரிமம் பெற்றவரோ அதைத் தொழில்முறையில் ஐம்பது தடவைக்கு மேல் பொருளில் போட்டுவிட்டால், அந்த வடிவத்தில் பதிப்புரிமை நின்றுவிடும். பதிய விரும்பினால் 2000ஆம் வருஷத்து வடிவமைப்புச் சட்டத்தின்படி, வெளியில் காட்டுவதற்கு முன்பே பதியவேண்டும். பத்து வருஷம் பாதுகாப்பு, கேட்டால் இன்னும் ஐந்து. 1806இல் லியோன்காரர் முத்திரை வைத்த உறைக்கு இன்றைய பேரப்பிள்ளை இது.

பிறகு ஒரு விஷயமும் சொன்னேன். முழுசாக விற்பது பாவம் இல்லை. தெலோனே ஐம்பது வடிவம் விற்றுத்தான் மறுபடி காலூன்றினார். ஆனால் முழுசாக விற்கும் விலை வேறு, வாடகைக்கு விடும் விலை வேறு. வீட்டை வாடகைக்கு விடுகிற முன்பணத்துக்குக் கிரயம் எழுதிக் கொடுக்கிறவர் உண்டா?

அவள் யோசித்துப் பதில் எழுதினாள். மூன்றில் இரண்டை, தொகையைச் சற்றுக் கூட்டினால், முழுசாகத் தருகிறேன். மூன்றாவதை, அவள் பாட்டி மார்கழியில் வாசலில் போடும் கொடிக் கோலத்தைப் பார்த்து வரைந்ததை, படுக்கை விரிப்புக்கு மட்டும், மூன்று வருஷத்துக்கு மட்டும், விற்பனையில் ஒரு சதவீதத்தோடு தருகிறேன் என்று கேட்டாள். அவர்கள் இரண்டை வாங்கிக்கொண்டார்கள். தொகையும் கொஞ்சம் கூட்டினார்கள். மூன்றாவது வேண்டாம் என்றுவிட்டார்கள்.

"போயிடுச்சே தாத்தா" என்று கொஞ்சம் வாட்டமாகத்தான் சொன்னாள். எனக்கும் சங்கடமாக இருந்தது. நான் சொல்லாமலிருந்தால் அந்தப் பணமும் வந்திருக்குமே. இரண்டு நாள் கழித்து அவளே வந்து, அந்தக் கோலத்தைப் பதிவு செய்ய என்னென்ன தாள் வேண்டும் என்று கேட்டாள். விண்ணப்பத்தை இரண்டு பேருமாக உட்கார்ந்து நிரப்பினோம். உரிமையாளர் பெயர் என்ற இடம் வந்தது. என் பழைய பழக்கத்தில், எழுத்துப் பிழை இல்லாமல் இருக்கிறதா என்று இரண்டு தடவை சரிபார்த்தேன்.